கை நனைத்த வீடு

ஆலங்குடா
12.01.2025

அன்புத் தங்கச்சி றைஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மச்சானும் மகள் றுமானாவும் அல்லாஹ்வின் உதவியால் சுகம். அங்கே நீ, ஃபைஸல் மச்சான், மாமி எல்லோரும் சுகம்தானே? குளிர் எப்படி? உன் முழங்கால் வலி எப்படி?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். சிரி. நான் போனில் குரல் அனுப்பினால் அது உங்கள் சாப்பாட்டு மேசைக்கு நடுவில் நின்று கத்துகிறது. போன தடவை மாமியின் குறட்டையைப் பற்றிச் சொன்னதை மாமியே கேட்டுவிட்டார். இது அப்படிக் கேட்கக் கூடாத கதை. அதனால்தான் நீ தைக்கப் போகிற பிரான்சிஸ்கா அக்காவின் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

விசயம் இதுதான். போன மாதம் டொல்பின் பார்க்க வந்த கூட்டத்தில் ஃபைஸல் மச்சானோடு கூடப்பிறந்த உன் மச்சி முஃபீதாவின் மகன் றிஸ்மினும் வந்திருந்தான். உனக்கு மச்சியின் மகன், எனக்குத் தூரம் என்பதால் முகம் மறந்துவிட்டது. கடல் காற்றில் காய்ச்சல் வந்து, மருந்து வாங்க றுமானா வேலை செய்கிற பாமசிக்குப் போயிருக்கிறான். காய்ச்சல் ஒரு நாளில் விட்டது. அவன் பாமசியை நாலு நாள் விடவில்லை. இப்போது தரகர் இஸ்ஹாக் மூலமாகப் பெண் கேட்டு வந்துவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. நம் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் வழக்கம், அவர் வரமாட்டாராம், பெண்தான் கண்டிக்குப் போய் அந்த வீட்டில் இருக்க வேண்டுமாம்.

எனக்கு விருப்பம்தான். றுமானாவுக்கும் முகத்தில் சிரிப்பு இருக்கிறது. ஆனால் விசாரிக்காமல் பிள்ளையைக் கொடுக்க முடியுமா? நீ அவர்களுக்குள்ளேயே இருபத்தொரு வருடம் இருக்கிறாய். நீ போய் விசாரிக்கவும் தேவையில்லை, தெரிந்ததை எழுதினால் போதும். நான் பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன். சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி, பிறகு வாய் திறக்க முடியாது. உனக்குத் தெரியாததா?

சீக்கிரம் எழுது.
உன் ராத்தா,
ஜெமீலா

*

கண்டி
28.01.2025

அன்பின் ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். முழங்கால் மழைக்கு மட்டும் வலிக்கிறது, மழை இல்லாத நாளில் அதை மறந்துவிடுகிறேன். மச்சானின் இருமல் குறைந்ததா?

றிஸ்மின் நல்ல பிள்ளை. சிகரட் இல்லை, கெட்ட சேர்க்கை இல்லை. இவருடைய பித்தளைக் கடைக்குப் பின்னால் இருக்கிற பட்டறையில்தான் வேலை. சின்ன உளியை வைத்து அவன் தட்டுவதைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் கூடி நிற்பார்கள். கையில் பொறுமை இருக்கிறவன். முஃபீதா மச்சியின் வீடு பெரியது. மேல் மாடி புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் குளம் தெரியும்.

இங்கே இப்போது காலையில் மலையே தெரியாத அளவுக்குப் பனி. சந்தையில் கராம்பும் ஏலமும் புதிதாக வந்திருக்கின்றன. மாமி பலாக்காய் பொலோஸ் சமைக்கிற நாளில் தெரு முனையிலேயே மணக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் கோப்பையோடு வருவார்கள்.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன். கீரிக் கருவாடு அனுப்பப் போவதாக இஸ்ஹாக்கிடம் சொன்னீர்களாம். வேண்டாம் ராத்தா. இங்கே அதைச் சமைப்பதில்லை.

துஆவுடன்,
றைஸா

*

ஆலங்குடா
09.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். மச்சானின் இருமல் போய்விட்டது, புகைக்கிறது மட்டும் போகவில்லை.

நான் மாப்பிள்ளை வீட்டைக் கேட்டால் நீ பனியையும் பலாக்காயையும் எழுதுகிறாய். நான் என்ன சுற்றுலாவா வரப் போகிறேன்? "மற்றது" என்றாயே, அது என்ன? மச்சியின் குணம் எப்படி? மூத்த மருமகள் ஷிம்லா அங்கே சந்தோசமாக இருக்கிறாளா? இந்த இரண்டையும் எழுதினால் என் கடிதத்துக்குப் பதில் முடிந்தது.

நீ இப்படித் தயங்கினால் எனக்கு எரிச்சல் வருகிறது. உன் கலியாணத்துக்கு நான் எவ்வளவு விசாரித்தேன் தெரியுமா? உம்மா எப்போதோ மௌத்தாகி, வாப்பாவும் கட்டிலில் கிடந்த நேரம். உனக்கு நான்தான் உம்மா. இரண்டு வயது றுமானாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் மச்சானும் பாலாவியில் பஸ் ஏறினோம். குருநாகல் தாண்டி மலை வளைவு தொடங்கியதும் அவள் என் மேல் வாந்தி எடுத்தாள். கண்டியில் இறங்கும்போது பசியில் எனக்குக் கண் இருட்டியது. உன் மாமி மேசை போட்டார். நெய்ச்சோறு, மிளகு இறைச்சி, பொலோஸ், கித்துள் பாணி ஊற்றின வட்டிலப்பம். அப்படி ஒரு சாப்பாட்டை நான் அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்கும் முன்னே கையை நனைத்துவிட்டேன். மச்சான் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் இரண்டாம் தரம் சோறு போடச் சொன்னேன்.

நான் கை நனைத்ததால்தான் நீ இன்றைக்கு இப்படி இருக்கிறாய். அதை மறக்காதே.

நோன்புக்கு முன் பதில் வேண்டும்.
ஜெமீலா

*

கண்டி
26.02.2025

அன்பின் ராத்தாவுக்கு,

சலாம். எல்லோரும் சுகம். நோன்பு வருகிறது. இங்கே வீடு கழுவி, திரைச்சீலை மாற்றி, எல்லா வேலையும் முடிந்தது. திரைச்சீலை நான் தைத்தது.

பெருநாள் முடிந்ததும் ஒரு தடவை இங்கே வாருங்கள். எழுதித் தெரிவதைவிடக் கண்ணால் பார்ப்பது நல்லது. வந்தால் முஃபீதா மச்சி வீட்டில் அவசரப்பட்டுக் கை நனைக்க வேண்டாம்.

மச்சானுக்கும் றுமானாவுக்கும் சலாம் சொல்லுங்கள்.
றைஸா

*

ஆலங்குடா
21.04.2025

றைஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். வளைவில் இந்த முறை வாந்தி எடுத்தது மச்சான். மற்றப்படி எல்லோருக்கும் சுகம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். உன் ஊர் அழகு. அதை மறுத்தால் அல்லாஹ் கேட்பான். குளத்தைச் சுற்றி நடந்தோமே, அந்த மரங்களும் காற்றும் இப்போதும் கண்ணுக்குள் நிற்கின்றன. பித்தளைக் கடைத் தெருவில் எல்லா வாசலிலும் வெயில் பட்டு மின்னினது. றிஸ்மினின் பட்டறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தது எனக்கு அலுக்கவில்லை. தகட்டைக் கறுப்பு அரக்கில் பதித்து, பின்பக்கமிருந்து மெல்லத் தட்டுகிறான். திருப்பினால் முன்பக்கம் பூ எழும்பி நிற்கிறது. "மாமி, இது அவசரப்பட்டா கிழிஞ்சி போகும்" என்றான். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

உன் வீட்டையும் பார்த்தேன். மாஷா அல்லாஹ். எழுபத்தெட்டு வயதிலும் மாமி தனியாளாக அந்த அடுப்படியை ஆளுகிறார். நீ கதிரையில் உட்கார்ந்திருக்கிறாய், சோற்றுக் கோப்பை உன் முன்னால் வருகிறது. நான் விடிய நாலரைக்கு எழும்பி, வீட்டுக்கு ஒரு தரம், டொல்பின் பார்க்க வந்து விடுதியில் இருக்கிற வெள்ளைக்காரர்களுக்கு ஒரு தரம் என்று அடுப்போடு மாரடிக்கிறேன். மச்சானிடமும் சொன்னேன், "என்ட தங்கச்சி ராணி மாதிரி இரிக்கிறா" என்று.

இப்போது கெட்டதுக்கு வருகிறேன். முஃபீதா மச்சி வீட்டில் மேசை நிறையச் சாப்பாடு. கை கழுவத் தண்ணீரும் வந்துவிட்டது. நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன், பிள்ளையும் நல்லவன், கை நனைக்கலாம் என்று மனதுக்குள் முடிவெடுத்து பிஸ்மி சொல்லப் போகிற நேரம் நீ எழும்பி என்ன சொன்னாய்? "ராத்தாவுக்கு வயிறு சரியில்ல மச்சி, விடியல்ல இருந்து ஓடுது."

எனக்கு வயிற்றுப்போக்கா? அத்தனை பேருக்கு முன்னாலா? அந்த மிளகு இறைச்சியின் மணத்தில் உட்கார்ந்து வெறும் கொத்தமல்லித் தண்ணி குடித்தேனே, அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. மச்சியின் முகம் கறுத்ததை நீயும் பார்த்தாய். வீட்டுக்கு வந்த பிறகும் காரணம் சொல்லவில்லை. மாமி பக்கத்திலேயே இருந்தார் என்று தெரியும். கடிதத்துக்குப் பக்கத்தில் யாரும் இல்லையே?

மே மாதம் பதினைந்தாம் திகதி இஸ்ஹாக் பதில் கேட்டு வருகிறார். அதற்குள் நீ காரணம் எழுதாவிட்டால் நான் ஓம் என்று சொல்லிவிடுவேன்.

ஜெமீலா

*

கண்டி
02.05.2025

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் வயிற்றைப் பற்றிப் பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அந்த நேரத்தில் வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

பிரான்சிஸ்கா அக்காவின் கடையில் தையல் மெசினை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். ராணி என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கலியாணம் முடிந்து எட்டாம் நாள் நான் அந்த அடுப்படிக்குள் போனேன். சந்தையில் சீலா மீன் கிடைத்தது. நம் ஊர் மாதிரிப் புளி கரைத்து மீனாணம் வைத்தேன். மாமி விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "கடக்கரப் புள்ள உப்பு அள்ளிப் போடுது" என்றார். ஏசவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சட்டியை எடுத்துப் போய்ப் பின்னால் கொட்டினார். கழுவிக் கவிழ்த்தார். "நீ போய் இரி மகள், நான் பாத்துக்குறேன்" என்றார். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான்.

இருபத்தொரு வருடம் ராத்தா. அந்த அடுப்பில் நான் ஒரு குழம்பு வைத்ததில்லை. தேத்தண்ணி ஊற்றப் போனாலும் மாமி எனக்கு முன்னால் கேத்தலைத் தூக்கிவிடுவார். எனக்குப் பசித்தால் அவர் மேசை போடும்வரை இருக்க வேண்டும். எனக்குப் புளி தின்ன ஆசை வந்த மாதத்தில் கூட அவர் போட்டதைத்தான் தின்றேன். மகன் இப்போது விடுதியில் இருந்து படிக்கிறான். அவன் சாப்பிட்டு வளர்ந்ததெல்லாம் வாப்பும்மாவின் கையால். உம்மாவின் கைச் சோறு என்ன ருசி என்று அவனுக்குத் தெரியாது.

யாரும் என்னை அடிக்கவில்லை. யாரும் திட்டவில்லை. இவரும் நல்ல மனிதர், ஆனால் கதையெல்லாம் கடைக்கு வருகிறவர்களுக்கு, வீட்டில் வாய் திறப்பதில்லை. இதைப் போய் நான் யாரிடம் குறையாகச் சொல்வது? "உட்கார வைத்துச் சோறு போடுகிறார்கள்" என்று அழுதால் ஊர் சிரிக்கும். நீங்களே சிரிப்பீர்கள். பெருநாளைக்கு ஆலங்குடாவுக்கு வந்தால் நீங்களும் "நீ இரி புள்ள, களைச்சி வந்திரிக்கிறாய்" என்று என்னை அடுப்படிக்குள் விடுவதில்லை. எனக்கு இரண்டு ஊரிலும் விருந்தாளி வேலைதான்.

முஃபீதா மச்சி மாமியின் மகள். அதே கை, அதே அடுப்பு. ஷிம்லா மூன்று வருடமாக அங்கே இருக்கிறாள். பின்னேரம் டியூசன் கொடுக்கப் போகிறேன் என்று வெளியே போய், பஸ் நிலையத்துப் பேக்கரியில் பணிஸ் வாங்கித் தின்கிறாள். ஒரு நாள் என்னிடம், "நான் வாங்கித் தின்டா அது என்ட பசி மாமி" என்றாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

றிஸ்மின் நல்லவன் என்று நான் எழுதியது பொய்யில்லை. வீடும் பெரியதுதான். இந்தக் குடும்பத்துக்குள் இருந்துகொண்டு இதை எழுதினால் என் நிலைமை என்னவாகும் என்று யோசித்து மூன்று மாதம் சுற்றி வளைத்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன். றுமானா என் மடியில் வாந்தி எடுத்த பிள்ளையில்லை, ஆனால் நான் இருந்த கதிரையில் அவள் உட்கார வேண்டாம்.

நீங்கள் அன்றைக்குச் சாப்பிட உட்காரும் முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள்.

றைஸா

*

கண்டி
08.06.2025

அன்பின் ராத்தாவுக்கு,

ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்துகள். எல்லோரும் சுகமா? ஐந்து கிழமையாக உங்கள் பதில் இல்லை. போன் எடுத்தாலும் றுமானாதான் கதைக்கிறாள், "உம்மா அடுப்படில" என்கிறாள். இஸ்ஹாக் இந்தப் பக்கம் வரவும் இல்லை. நீங்கள் ஓம் சொன்னீர்களா, இல்லை என்றீர்களா என்று எனக்குத் தெரியவில்லை.

கடிதம் தவறியிருந்தால் மறுபடி எழுதுகிறேன். கிடைத்திருந்தால், கடைசி வரியை எழுதியிருக்கக் கூடாது. பட்டினியோடு, பிள்ளையோடு, அவ்வளவு தூரம் எனக்காக வந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

உங்கள் தங்கச்சி,
றைஸா

*

ஆலங்குடா
24.06.2025

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் தவறவில்லை. நான்தான் எழுதவில்லை. நாலு தரம் தொடங்கிக் கிழித்தேன். உடம்பு சுகம்தான், அதைப் பற்றிக் கவலைப்படாதே.

அந்தக் கடைசி வரி. நீ எழுதியது பிழை. நான் கேட்டேன் றைஸா.

அன்றைக்கு உன் மாமி வீட்டில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, றுமானாவின் உடுப்பு காய்ந்ததா என்று பார்க்கப் பின்பக்கம் போனேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பிளை நின்றா. வயதான ஆள். "பொண்ணுக்கு என்ன முறை?" என்று கேட்டா. ராத்தா என்றேன். "நல்ல ஆக்கள்தான் மகள். ஆனா அந்த ஊட்டுல மருமகளுக்கு அடுப்பு இல்ல. யோசிச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிட்டா.

நான் யோசித்தேன். நன்றாகத்தான் யோசித்தேன். என்ன யோசித்தேன் தெரியுமா? உம்மா மௌத்தான அன்று எனக்குப் பதின்மூன்று வயது. அடுத்த நாள் விடிய அடுப்பை ஊதத் தொடங்கினவள். ஈர விறகு, புகை, எட்டுப் பேருக்குச் சோறு. கையெல்லாம் சூட்டுத் தழும்பு. எனக்கு அந்த வயதில் அல்லாஹ்விடம் கேட்க ஒரே ஒரு துஆதான் இருந்தது, அடுப்பு இல்லாத ஒரு வீடு. மதிலுக்குப் பின்னால் நின்று அந்த மனிசி சொன்னபோது, என் துஆவை உனக்குக் கொடுத்துவிட்டான் என்று நினைத்து நான் அழுதேன் றைஸா. சந்தோசத்தில் அழுதேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மச்சானிடம் அதையே சொன்னேன். உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. போய்ப் பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று வைத்திருந்தேன்.

எனக்கு வேண்டாம் என்றிருந்ததை உனக்கும் வேண்டாம் என்று நானே முடிவு செய்துவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ சின்ன வயதில் சிரட்டையில் மண் சோறு ஆக்கி என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தின்னச் சொல்லுவாய். அது எனக்கு நினைவு இருந்தது. அப்படி இருந்தும் கேட்கவில்லை. பெருநாளைக்கு வந்தபோதும் அடுப்படி வாசலில் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாய். நான் அதைக் களைப்பு என்று நினைத்தேன். என்னை மன்னித்துவிடு.

இஸ்ஹாக்கிடம் ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. உன் கடிதத்தை றுமானாவிடம் கொடுத்தேன். கொடுத்தது பிழை என்றால் அதற்கும் சேர்த்து ஏசு. வாசித்துவிட்டு அவள் சொன்னாள், "எனக்குச் சமைக்கத் தெரியாதும்மா, விருப்பமும் இல்ல. ஆனா ஒரு நாளைக்கி ஆசை வந்தா அடுப்பைத் தொட யாருக்கிட்டயும் கேட்டு நிக்க ஏலா." சோற்றைக் குழைய விடுகிறவள் சொல்கிற கதை இது! என் ஐம்பது வயதுக்கு எனக்கு விளங்காதது அவளுக்கு ஒரு வாசிப்பில் விளங்கிவிட்டது.

பிறகு அவளே றிஸ்மினுக்குப் போன் எடுத்து, "உங்கட ஊட்டு அடுப்படி யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டாளாம். "நான் அதை யோசிச்சதே இல்ல" என்றானாம் அவன். அதற்குப் பிறகு பதினொரு நாள் சத்தமில்லை. இவள் சோறு தின்னவில்லை, வேலைக்கு மட்டும் போய்வந்தாள். முடிந்துபோன கதை என்று நான் நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த நேரம் வாசலில் ஆள். தனியாக வந்திருக்கிறான், தாய்க்குச் சொல்லாமல். கையில் கடதாசியில் சுற்றின பித்தளை அகப்பை, அவனே அடித்தது. பிடியில் கொடி ஓடுகிறது. அழகுதான், ஆனால் கொதிக்கிற சட்டியில் வைத்தால் கை சுடும், எங்கள் சிரட்டை அகப்பைக்கு ஈடில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். சிரித்தான். "மாமி, வேற ஊடு பாக்கிறன். சின்ன ஊடு. உம்மா கோவிப்பா. கோவிக்கட்டும்" என்றான். பாரை மீனாணமும் சோறும் வைத்தேன். நம் வழக்கம் அவனுக்கும் தெரியும். கை கழுவி வந்து உட்கார்ந்தான். பிறகு பிஸ்மி சொல்லிக் கையை வைத்தான்.

ஆகவே சம்மதம் சொன்னது இந்த முறை மாப்பிள்ளை. இனி அங்கே என்ன புயல் அடிக்குமோ, அது உன் தலையில்தான் முதலில் விழும். உனக்குத் துணையாக நான் வரவா? சொல், நாளைக்கே பஸ் ஏறுகிறேன்.

இஸ்ஹாக் கையில் ஒரு பொதி அனுப்புகிறேன். கீரிக் கருவாடு, கூனி இறால், எங்கள் உப்பு ஒரு பை. வேண்டாம் என்று எழுதினாய்தான். இருந்தாலும் அனுப்புகிறேன்.

உன் ராத்தா,
ஜெமீலா

*

கண்டி
17.07.2025

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உண்மையாகவே சுகம்.

நீங்கள் எழுதியதை முதல் நாள் வாசித்தபோது கோபம் வந்தது, மறைக்கவில்லை. கேட்டும் சொல்லவில்லையே என்று இரண்டு நாள் உங்களோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். மூன்றாம் நாள் மெசினில் உட்கார்ந்திருந்தபோது, பதின்மூன்று வயதில் ஈர விறகை ஊதின உங்கள் முகம் வந்தது. அந்தப் புகைக்குள் நின்று நீங்கள் ஆக்கின சோற்றைத்தான் நானும் தின்று வளர்ந்தேன். உங்களோடு எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் வர வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்.

புயல் வந்தது. முஃபீதா மச்சி போன கிழமை இங்கே வந்து மேசையில் அடித்துக் கேட்டார், "என்ட மகன்ட மனசக் கலைச்சது யாரு?" இவர் பத்திரிகையை மடித்தார். மாமி என்னைப் பார்த்தார். நான் "நான்தான் மச்சி" என்றேன். இந்த வீட்டில் நான் இவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான். அடுப்படிக் கதையை முழுக்கச் சொன்னேன். ஷிம்லாவின் பணிஸை மட்டும் சொல்லவில்லை, அது அவள் கதை. மச்சி அழுதுகொண்டு போய்விட்டார். இன்னும் முகம் தரவில்லை. றிஸ்மின் கட்டுகஸ்தோட்டையில் இரண்டு அறை பார்த்துவிட்டான். அடுப்படி சின்னது, ஆனால் தனி. இந்தக் கிழமை மச்சி மூத்த மகனை அனுப்பி அந்த வீட்டின் கூரை ஒழுகுமா என்று பார்த்து வரச் சொன்னாராம். அதனால் எல்லாம் சரிவரும் என்று நினைக்கிறேன். றுமானாவிடம் சொல்லுங்கள்.

மச்சி போன அன்றைக்கு இரவும் மாமி வழமை போல மேசை போட்டார். நான் அடுத்த நாள் கடைக்குப் போய் ஒற்றை அடுப்பு ஒன்று வாங்கி வந்தேன். பின் விறாந்தையில், உடுப்புக் காய்கிற கம்பிக்குக் கீழே வைத்தேன். அது அந்த மதிலுக்குப் பக்கம்தான் ராத்தா. நீங்கள் எழுதின பக்கத்து வீட்டுப் பெரியம்மா இப்போது இல்லை. பின்னேரம் இவர் காஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். குழாயைப் பூட்டினார். ஒழுகுகிறதா என்று சவர்க்கார நுரை போட்டுப் பார்த்தார். அவருக்கு அதுதான் பேச்சு என்று இப்போது விளங்குகிறது.

நேற்று உங்கள் கருவாட்டைக் கழுவி, கத்தரிக்காயும் புளியும் போட்டு ஆணம் வைத்தேன். உப்புப் பையைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றேன். பயத்தில் கொஞ்சமாகத்தான் போட்டேன். இவர் இரண்டு தரம் சோறு போட்டுத் தின்றார். மகனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன், சனிக்கிழமை வருகிறானாம்.

மாமி தன் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் மேசையில் அவர் சமைத்த சோறு மூடி வைத்தபடி இருந்தது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வரமாட்டார் என்று தெரியும். இவர் எழும்பிப் போன பிறகு மெல்ல வந்து, விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். கழுவத் தண்ணீர் ஊற்றினேன். சோறு போட்டு ஆணம் ஊற்றினேன். பிசைந்தார். ஒரு வாய் தின்றார். இரண்டாம் வாய் தின்றார். மாமி தலையைத் தூக்காமல் சொன்னார்:

"உப்புக் காணா புள்ள. கொஞ்சம் எடுத்துட்டு வா."

உங்கள் தங்கச்சி,
றைஸா